சுவர் தாங்குமா? சிறு வீட்டுக்குச் சுவர் அலமாரியும் வண்டிக் கொட்டகையும்

"அலமாரி செய்வது தச்சர் தொழில், அதைப் பற்றி அறிவியல் மாணவன் எழுதப் புகுவானேன்?" என்று நண்பர்களிற் சிலர் வினவக்கூடும். சுவரில் தொங்கும் ஒரு மரப்பெட்டியை விடத் தெளிவான நிலையியல் பாடம் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை என்பதே என் விடை. நெம்புகோல், திருப்புத்திறன், சட்டத்தின் வளைவு என்று நாம் இளநிலை வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் கக்கிவிட்டு வந்தவையெல்லாம் அங்கே அடுப்படிச் சுவரில், பருப்பு டப்பாக்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. கணக்குத் தவறினால் தேர்வில் மதிப்பெண் குறையும். அடுப்படியிலோ பெட்டி தலையில் விழும்.

இதை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. தில்லியில் வாழும் தமிழர் எவரும் மதராசி கேம்ப் என்னும் பெயரைக் கேளாதிருக்க முடியாது. நிஜாமுதீன் ரயில் நிலையத்திற்கு அருகே, ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த குடியிருப்பு அது. ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலமொன்று அங்கே இன்றும் நிற்கிறது. பதினோரு வளைவுகளும் அவற்றைத் தாங்கப் பன்னிரண்டு தூண்களும் கொண்ட அப்பாலத்தின் பெயரே வடிகாலுக்கும் வந்தது என்பர். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எளிய மக்கள், இரண்டு மூன்று தலைமுறைகளாக அக்கரையில் வீடு கட்டி வாழ்ந்தனர். வடிகால் தூர்ந்து மழைக்காலத்தில் நீர் தேங்குவதைத் தடுக்க வேண்டும் என்ற வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9ஆம் நாள் அளித்த தீர்ப்பின்படி, ஜூன் 1ஆம் நாள் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றவை என முதலில் கணக்கிடப்பட்டது. அவ்வீடுகள் இருப்பது நகரத்தின் வடமேற்கு ஓரத்திலுள்ள நரேலாவில், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில். அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு வேலை ஒரு கோடியிலும் வீடு மறுகோடியிலும் ஆயின. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. இவையெல்லாம் பெரிய செய்திகள். நீதிமன்றமும் அரசும் பேச வேண்டியவை. நம் கைக்கு எட்டும் சிறிய செய்தி ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நரேலாவில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். வாசல் முதல் அடுப்படி வரை மூட்டை. "நாலு பக்கமும் சுவர் இருக்கு தம்பி, சாமான் மட்டும் தரையிலேயே கெடக்கு" என்றார் அந்த வீட்டு அக்கா. பழைய வீட்டில் தலைக்கு மேலே பரண், கதவுக்குப் பின்னே ஆணி, ஜன்னலுக்கு மேலே பலகை என்று இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செய்துகொண்ட வசதிகள் இடிபாட்டோடு போயின. புது வீட்டில் அவற்றை ஒரே நாளில், குறைந்த செலவில், விழாதபடி செய்ய வேண்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். எறும்பும் பூனையும் எட்டாதபடி உத்தரத்தில் தொங்கும் உறி, சுவரைக் கட்டும்போதே குழிவாக விட்டுவைக்கும் மாடம், ஆண்டுக்கொருமுறை மட்டும் இறக்கும் பாத்திரங்களுக்குப் பரண் என மூன்றும் தரையை விட்டுப் பொருளை உயர்த்தும் உபாயங்களே. அலமாரி என்ற சொல்தான் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. மாடத்தில் ஒரு வசதி உண்டு: பளு சுவருக்குள்ளேயே இறங்கிவிடுவதால் அது சுவரைப் பிடுங்காது. இன்றைய சுவர்கள் மாடம் வைக்கும் அளவு தடிப்பானவை அல்ல. ஆதலின் பெட்டியைச் சுவருக்கு வெளியே தொங்கவிட வேண்டியிருக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

சுவரைப் பிடுங்கும் விசை

60 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி சுவரில் தொங்குகிறது என்க. "60 கிலோவைச் சுவர் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கீழ்நோக்கி இழுக்கும் 60 கிலோ ஒரு பொருட்டே அன்று. நான்கு திருகாணிகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் 15 கிலோ. நல்ல செங்கல்லில் சரியாகப் பதிந்த திருகு அதைப் பன்மடங்கு தாங்கும். அஞ்ச வேண்டியது வேறு. பெட்டியின் எடை சுவரை ஒட்டிச் செயற்படுவதில்லை. சுவரிலிருந்து சற்று தள்ளி, பெட்டியின் நடுவே செயற்படுகிறது. எனவே பெட்டி தன் அடிவிளிம்பைச் சுழல்மையமாகக் கொண்டு முன்புறம் கவிழப் பார்க்கிறது. மேல்திருகுகள் அதைப் பின்னிழுத்து நிறுத்துகின்றன.

30 செ.மீ. ஆழமுள்ள பெட்டியில், சுவரிலிருந்து ஈர்ப்பு மையம் சுமார் 17 செ.மீ. தள்ளி இருக்கும். திருப்புத்திறன் 60 x 17 = 1020 கிலோ-செ.மீ. மேல்திருகு, பெட்டியின் அடிவிளிம்பிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பின், அதன் மேல் விழும் இழுவிசை 1020 / 50, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு திருகுகள் பங்கிட்டால் ஒன்றுக்கு 5 கிலோ. இது விளையாட்டு.

இப்போது அதே 60 கிலோவைப் பெட்டியின்றி ஒரு வெறும் பலகையில் வைத்து, 10 செ.மீ. உயரமே உள்ள சிறிய இரும்புத் தாங்கிகளில் நிறுத்திப் பாருங்கள். 1020 / 10 = 102 கிலோ! எடை மாறவில்லை, ஆழமும் மாறவில்லை. தாங்கியின் உயரம் ஐந்தில் ஒரு பங்கானதும் இழுவிசை ஐந்து மடங்காயிற்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் குட்டைத் தாங்கிகள் சிறிது காலத்தில் சுவர்ப்பூச்சோடு பெயர்ந்து வருவதன் மர்மம் இதுதான். உயரமான பெட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆழத்தை 60 செ.மீ. ஆக்கினாலோ, இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகும். பின்வரிசையில் வைத்த பொருளை எடுக்க முன்வரிசையை முழுதும் இறக்கவும் நேரும். 30 செ.மீ. ஆழமே போதும். நம் வீட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். 30 கிலோ எடையுள்ள சிறுவன் முன்விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் மேலும் 960 கிலோ-செ.மீ. சேரும். மொத்த இழுவிசை 40 கிலோ. அப்போதும் பெட்டி நிற்க வேண்டும். நம் அமைப்பில் நிற்கும்.

பலகையின் வளைவு

அடுத்தது தட்டுப் பலகை. இரு முனைகளில் தாங்கப்பட்ட பலகை நடுவில் எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதமாகவும், தடிப்பின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதமாகவும் இருக்கும். மும்மடி என்ற சொல்லை ஊன்றிப் படியுங்கள். 18 மி.மீ. பலகைக்குப் பதில் 12 மி.மீ. பலகை வாங்கினால் தடிப்பு மூன்றில் ஒரு பங்கே குறைகிறது, வளைவோ 3.4 மடங்கு கூடுகிறது. 86 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள 18 மி.மீ. பிளைவுட் தட்டில் 25 கிலோவைப் பரப்பி வைத்தால், சாதாரணப் பிளைவுட்டின் மீள்தன்மையை வைத்துக் கணக்கிடும்போது, நடுவில் இரண்டு மூன்று மி.மீ. தொய்வு வரும். கண்ணுக்குத் தெரியாது. 12 மி.மீ. தட்டில் அது 8 மி.மீ. அளவுக்குப் போகும், கண்ணை உறுத்தும். மரம் பளுவின் கீழ் நாள்பட நாள்பட மேலும் தொய்யும் இயல்புடையது. ஆகவே முதல்நாள் அளவை நம்பிவிடலாகாது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு இவ்வகையில் மிகவும் மோசம். அது விலை குறைவு என்பது உண்மை. தண்ணீர் பட்டால் ஊறவைத்த அவல் போலாவதும் உண்மை. அடுப்படிக்கு அதை வாங்க வேண்டாம் என்பது என் துணிபு.

தட்டு நீளமாக வேண்டுமானால் நடுவே ஒரு செங்குத்துப் பலகை கொடுங்கள். நீளம் பாதியானால் அதே பளுவுக்கு வளைவு எட்டில் ஒரு பங்கு. தடித்த பலகை வாங்கும் காசு மிச்சம்.

எதை வாங்குவது?

பிளைவுட்டில் இந்தியத் தர நிறுவனத்தின் இரண்டு எண்களை நினைவிற் கொண்டால் போதும். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்குரியது. அதில் எம்.ஆர். என்று குறித்தது ஈரக்காற்றை ஓரளவு தாங்கும், பி.டபிள்யூ.ஆர். என்று குறித்தது கொதிநீரையும் ஓரளவு தாங்கும். ஐ.எஸ். 710 என்பது 'மரைன்' எனப்படும் உயர்வகை. படுக்கையறைக்கு எம்.ஆர். போதும், அடுப்படிக்குப் பி.டபிள்யூ.ஆர். நன்று. கழுவுதொட்டியின் அடியில் வைப்பதற்கன்றி 710க்குச் செலவழிப்பது வீண். முத்திரை பலகையின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி முத்திரை ஆகாது.

தில்லிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. நாட்டின் பெரிய பிளைவுட் உற்பத்தி மையங்களுள் ஒன்றாகிய யமுனாநகர் பக்கத்து அரியானாவில்தான் இருக்கிறது. அங்கே காட்டு மரத்தை வெட்டுவதில்லை. உழவர்கள் கோதுமை வயலின் நடுவிலும் வரப்பிலும் வளர்க்கும் பாப்ளர் மரமும் யூகலிப்டஸுமே மூலப்பொருள். நம்மூரில் தேக்குக்கு இருக்கும் மதிப்பு பாப்ளருக்கு இல்லை, மென்மரம். ஆயினும் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேலொன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டும்போது, ஒரு தகட்டின் பலவீனத்தை மறு தகடு மறைக்கிறது. நகருக்குள் கீர்த்தி நகர் மரச்சந்தையில் கேட்டால் எல்லா வகையும் கிடைக்கும்.

இன்னும் மலிவான வழி, சரக்குப் பெட்டிகளின் அடியில் வரும் பைன் மரச் சட்டகங்கள். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கோடு வந்தவற்றில் ஒரு முத்திரை இருக்கும். பூச்சிகளைக் கொல்ல மரத்தை வெப்பமூட்டியிருந்தால் 'எச்.டி.' என்றும், மீதைல் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தியிருந்தால் 'எம்.பி.' என்றும் குறித்திருப்பர். முன்னதை எடுங்கள், பின்னதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சட்டகங்களைப் பிரித்து, ஆணி பிடுங்கி, இழைப்புளி பிடிக்க ஒரு நாள் முழுதும் போகும். நேரம் மிகுதியாகவும் காசு குறைவாகவும் உள்ளவர்க்கு இது ஏற்றது. மாணவர்க்கு என்று சொல்லவும் வேண்டுமோ!

ஒரு பலகையில் இரண்டு பெட்டிகள்

எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் பலகை 2440 x 1220 மி.மீ. இருக்கும். 18 மி.மீ. தடிப்பில் எடை சுமார் 32 கிலோ. ஆட்டோவில் ஏறாது, வண்டிக்கூலி தனி. கடையிலுள்ள அறுவை இயந்திரத்திலேயே நீளவாட்டில் 300 மி.மீ. அகலமுள்ள நான்கு பட்டைகளாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். நான்கு பட்டைக்கு 1200, ரம்பம் தின்பது மூன்று அறுப்புக்குச் சுமார் 10, மொத்தம் 1210. பத்து மி.மீ. மட்டுமே மிச்சம். இவ்வளவு கச்சிதமாக அமைவதால்தான் 300 மி.மீ. ஆழத்தைத் தேர்ந்தேன், 320 என்று ஆசைப்பட்டால் மூன்று பட்டைதான் தேறும்.

பெட்டியின் அளவு: அகலம் 900, உயரம் 600, ஆழம் 300. ஒரு பெட்டிக்குப் பக்கப்பலகை 600 நீளத்தில் இரண்டு. மேற்பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு ஆகிய மூன்றும் 864 நீளத்தில். (900இல் இரு பக்கப்பலகைகளின் தடிப்பு 36ஐக் கழித்தால் 864.) இரண்டு பெட்டிகளுக்கு 864 ஆறும், 600 நான்கும் வேண்டும். முதல் மூன்று பட்டைகளில் ஒவ்வொன்றிலும் 864, 864, 600 என்று வெட்டுக. கூட்டினால் 2328, பட்டை நீளம் 2440, இடம் இருக்கிறது. நான்காம் பட்டையில் எஞ்சிய ஒரு 600ஐ எடுத்தபின் இரண்டு 864 துண்டுகள் தேறும். அவற்றை நீளவாட்டில் 72 மி.மீ. அகலச் சட்டங்களாக நான்கு நான்காக அறுத்தால் எட்டுச் சட்டங்கள். பெட்டிக்கு நான்கு. ஒரே பலகையில் இரண்டு பெட்டிகளும் அவற்றைத் தொங்கவிடும் சட்டங்களும் முடிந்தன. மிஞ்சுபவை சிறு துண்டுகள் மட்டுமே. பின்பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட். ஒரு முழுப் பலகையில் நான்கு பெட்டிக்குப் பின்பலகை கிடைக்கும் என்பதால், பக்கத்து வீட்டாரோடு கூட்டுச் சேர்ந்து வாங்குவது இலாபம். வெட்டும் கணக்கைத் தாளில் வரைந்து கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வாய்ச்சொல்லில் அறுத்த பலகை திரும்ப ஒட்டாது.

பெட்டியைக் கூட்டும் முறை எளிது. விளிம்பில் பெவிகால் தடவி, மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பார்த்து, முன்னதாகச் சிறு துளையிட்டு, 50 மி.மீ. திருகாணிகளை 8, 10 செ.மீ. இடைவெளியில் இறக்குக. துளையிடாமல் திருகினால் பிளைவுட்டின் விளிம்பு பிளந்துகொள்ளும். மூலைவிட்டம் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாயின் பெட்டி நேர். பின்பலகையை ஆணியடித்து ஒட்டிவிட்டால் அந்த நேர் கலையாது. பின்பலகை அழகுக்கு அன்று. பெட்டி சாய்ந்து இணைகரமாகிவிடாமல் தடுப்பது அதுவே.

தொங்கவிடும் சூட்சுமம் சட்டங்களில் இருக்கிறது. முதற்சட்டம் பெட்டியின் உள்ளே, மேற்பலகையின் அடியில், பின்பலகையை ஒட்டி. இதைப் பக்கப்பலகைகளோடும் மேற்பலகையோடும் திருகுக. இரண்டாஞ் சட்டம் அதற்கு நேர் வெளியே, பின்பலகையின் மறுபுறம். இதன் கீழ்விளிம்பை 45 பாகைச் சாய்வாக, சுவரை நோக்கிக் கொக்கி போல் நிற்கும்படி அறுத்துக்கொள்ள வேண்டும். உட்சட்டம் 18, பின்பலகை 6, வெளிச்சட்டம் 18, ஆக 42 மி.மீ.; எனவே உள்ளிருந்து 38 மி.மீ. திருகு போட்டால் மூன்றையும் பிணைத்து வெளியே முனை நீட்டாது. மூன்றாஞ் சட்டத்தின் மேல்விளிம்பை எதிர்ச்சாய்வாக அறுத்துச் சுவரில் பதிக்க வேண்டும். நான்காவது, பெட்டியின் பின்புறம் அடிவிளிம்பில். மேலே உண்டான 18 மி.மீ. இடைவெளியைக் கீழேயும் சமன் செய்ய. இனி பெட்டியைத் தூக்கிச் சுவர்ச்சட்டத்தின் மேல் இறக்கினால் இரு சாய்வுகளும் கவ்விக்கொள்ளும். கனம் கூடக் கூடப் பிடியும் இறுகும். எடை தானே பெட்டியைச் சுவரோடு இழுத்துக்கொள்கிறது. வேறு நன்மையும் உண்டு. வீடு மாறும்போது பெட்டியைக் கழற்ற ஒரு திருகையும் தொட வேண்டாம், தூக்கினால் வந்துவிடும். ஒருமுறை வீட்டை இழந்தவர்க்கு இது சிறிய நன்மை அன்று. பின்னே நிற்கும் இடைவெளியில் காற்று உலாவுவதால் மழைக்காலத்து ஈரச்சுவர் பலகையை நேரே தொடுவதுமில்லை.

கதவு வேண்டுமா? இரண்டு பெட்டிக்குக் கதவு போட இன்னும் ஏறத்தாழ அரைப் பலகையும், கீல்களும், கைப்பிடியும் தேவை. கதவைத் திறக்கும்போது ஈர்ப்பு மையமும் முன்னே வருகிறது. மறுபுறம், மே மாதப் புழுதிக்காற்றில் தில்லி வீட்டுத் தட்டங்கள் ஆறு மணி நேரத்தில் மண்ணிறமாகும் என்பதையும் மறுக்க இயலாது. நான் திரைச்சீலையைச் சொல்வேன். பழைய பருத்திப் புடவை ஒன்றும் ஒரு சுருள்கம்பியும் போதும். கையில் காசு சேர்ந்தபின் கதவு போடலாம், பெட்டி ஓடிவிடாது. வண்ணம் பூசும்போது அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கை கூடுதலாகப் பூசுங்கள். நீர் ஏறுவது அவ்வழியேதான். பிளைவுட் பசையிலிருந்து பார்மால்டிஹைடு என்னும் வாயு கசியும். புதுப்பெட்டியைச் சன்னல் திறந்த அறையிலோ மாடத்து வெயிலிலோ ஒரு வாரம் ஆறவிட்டு மாட்டுவது உடலுக்கு நல்லது.

சுவரைக் கேட்டறிதல்

சுவர் தன்னைப் பற்றிய செய்தியைத் துளையிடும் தூளில் சொல்லிவிடும். சிவந்த தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், துளையிட மிகக் கடினமாக இருந்தால் கான்கிரீட். சாம்பல் நிறமேயானும் சுலபமாக இறங்கினால் சாம்பற்கல். வெளுத்து மாவு போல் கொட்டி, துரப்பணம் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசுக்கல். அதற்குச் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்றே உள்ள நீண்ட பிளக் வாங்க வேண்டும்.

செங்கற்சுவரில் பலர் ஏமாறுவது பூச்சினால். பூச்சு 12 முதல் 15 மி.மீ. தடிப்பு, அதற்குப் பிடிமானம் கிடையாது. சுவர்ச்சட்டம் 18, பூச்சு 15, ஆக 33 மி.மீ. நீளம் வெறுமனே கழிகிறது. இரண்டங்குலத் திருகு (50 மி.மீ.) போட்டால் 17 மி.மீ. மட்டுமே செங்கல்லைப் பிடிக்கும். மூன்றங்குலத் திருகு (75 மி.மீ.) போட்டால் 42 மி.மீ. பிடிக்கும். திருகின் நீளம் ஒன்றரை மடங்கு. பிடிமானமோ இரண்டரை மடங்கு. விலை வேறுபாடு ஒரு தேநீர்க் காசுகூட இராது. 8 மி.மீ. பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் தள்ளியபின்பே திருகை இறக்குக. துளை இரண்டு செங்கற்களின் இடையேயுள்ள சாந்தில் விழுந்தால் சில செ.மீ. தள்ளி மறுதுளை போடுங்கள். ரசமட்டம் இல்லாவிடின், ஒளிபுகும் நெகிழிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளிலும் மட்டம் பார்க்கலாம். கொத்தனார்கள் செய்வது அதுவே, தவறாதது. மின்விசைப் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும், குழாய்க்கு நேர்மேலும் துளையிடவே கூடாது. கம்பியும் குழாயும் அவ்வழியே செங்குத்தாகச் செல்லும்.

உயரம்? இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. மேடை 85 செ.மீ.; அதற்கு மேல் 45 செ.மீ. விட்டுப் பெட்டியின் அடி 130இல் நின்றால், நடுத்தட்டு 160இல் வரும். மேடையைத் தாண்டிக் கையை நீட்டினாலும் எட்டும். 190இல் உள்ள உச்சியில் பண்டிகைப் பாத்திரங்களை வைக்கலாம். அடுப்புக்கு நேர்மேல் பெட்டி வைப்பதைத் தவிர்க்க. அரிசிப் பீப்பாயும் கிரைண்டரும் தரைக்கு உரியவை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே உருளையை மூடிய அலமாரிக்குள் அடைக்காமல் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

நான் சென்ற வீட்டில் அடுப்படிச் சாமான்களைப் பெட்டி நிறுக்கும் சிறு சுருள்வில் தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுத்தேன். அரிசியும் கிரைண்டரும் நீங்கலாக, இரண்டு குக்கர், இட்லிப் பானை, எவர்சில்வர் டப்பாக்கள், தட்டுகள் எல்லாம் சேர்ந்து 38 கிலோ. பெட்டியின் எடை ஏறத்தாழ 17 கிலோ. மேலே நான் எடுத்துக்கொண்ட 60 கிலோ, இவ்விரண்டின் கூட்டுத்தொகையைச் சற்றே கூட்டி எடுத்ததே.

வண்டிக்கு ஓர் இடம்

'கராஜ்' என்பது பிரெஞ்சுச் சொல். நாம் வண்டிக் கொட்டகை என்போம். தமிழ்நாட்டில் சொந்த மனையுள்ளவர்கள் பத்தடிக்குப் பதினெட்டடி அளவில் ஒன்று கட்டிக்கொள்வதுண்டு. அதையே முதலில் பார்ப்போம். அதன் உள்ளளவு 3.05 x 5.49 மீட்டர். நம் நாட்டில் நாலு மீட்டருக்குட்பட்ட கார்களுக்கு வரிச்சலுகை இருப்பதால் சிறு கார்கள் பெரும்பாலும் அந்நீளத்துக்குள் நிற்கின்றன. அகலம் சுமார் 1.75. பக்கவாட்டில் எஞ்சுவது 1.30 மீட்டர். ஓட்டுநர் இறங்க 75 செ.மீ.யும், மறுபக்கம் சுவரில் உராயாதிருக்க 30 செ.மீ.யும் போக 25 செ.மீ. மட்டுமே மீதி. பக்கச்சுவரில் நம் அலமாரி இடிக்கும். முனைச்சுவரிலோ 1.49 மீட்டர் நீளம் இருக்கிறது, 50 செ.மீ. ஆழ வேலைமேசையும், நின்று வேலை செய்ய 75 செ.மீ.யும், அதற்கு மேலே இரண்டு சுவர் அலமாரிகளும் தாராளமாக அமையும். அலமாரி எங்கே என்பதை வண்டியே தீர்மானிக்கிறது, நாம் அன்று.

அடுக்குமாடி வீட்டாருக்குச் சொந்தக் கொட்டகை ஏது? கீழ்த்தளத் திறந்தவெளியே எல்லார்க்கும் கொட்டகை. அங்கே மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, தள்ளுவண்டி, மின்ரிக்ஷா எல்லாம் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். விடியற்காலையில் இட்லி வண்டியை வெளியே எடுக்க ஏழு வண்டிகளை நகர்த்த வேண்டியிருக்கும். சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 30 செ.மீ. என்ற அளவில் இடத்தை வரையுங்கள். ஒவ்வொரு வண்டியையும் அதே அளவில் அட்டையில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 1 x 2 மீட்டர் கட்டம், முன்னே 1.5 மீட்டர் நடைபாதை. தள்ளுவண்டியின் நீள அகலத்தை நேரில் அளந்துகொள்க. அது திரும்புவதற்குத் தன் நீளத்தைவிடக் கூடுதலான இடம் கேட்கும். வெட்டும் வேலையில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் அளவுப்படம் என்பது என்னவென்று அவர்களுக்குத் தனியே பாடம் நடத்த வேண்டியிராது. முதலில் புறப்படும் வண்டி வாயிலுக்கு அருகே. கடைசியில் புறப்படுவது உள்ளே. அகலத்தைக் கொண்டன்று, நேரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினால் பாதிச் சண்டை தீரும்.

மாடிப்படியின் அடியில் மட்டும் எந்த வண்டியும் வேண்டாம். மின்ரிக்ஷாவின் ஈய அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமாகித் தரையோடு பரவும். தீப்பற்றினால் மேல்மாடிகளில் உள்ளோர் இறங்குவதற்கு இருக்கும் ஒரே வழி புகைக்கூண்டாகிவிடும். மின்னேற்றுதல் திறந்தவெளியில், தனிக் கம்பியில், தனி விசையோடு நடக்க வேண்டும்.

தாளில் முடிவானதைச் சுண்ணாம்புக்கோட்டால் தரையில் வரையும் வேலையை இரவு ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டிகளும் வீடு திரும்பியிருக்கும் நேரம் அது. பகலில் வரைந்தால் பாதி வண்டிகள் கணக்கில் வரமாட்டா.